இளைஞர்களுக்கு ட்ரெயினிங் குடுக்கற அமைப்பை எப்படி தேடறது, எப்படி உள்ள போறது

படிப்பு முடிஞ்சாச்சு, இல்லன்னா பாதில நின்னுபோச்சு, ஏதாவது நல்ல ட்ரெயினிங் இருந்தா சொல்லுங்கன்னு கேக்கற பசங்க எக்கச்சக்கம். கேட்டவுடனே பத்து அமைப்போட பேரை சொன்னா பத்துக்கும் ஒரே அப்ளிகேஷனை அனுப்பிட்டு, பதில் வரலன்னு சோர்ந்து உக்காந்துடறாங்க. பேரெல்லாம் கீழ சொல்றேன், ஆனா எந்த அமைப்பை பாத்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: ட்ரெயினிங் முடிஞ்ச மறுநாள் எனக்கு என்ன நடக்கும்? அதுக்கு தெளிவா பதில் சொல்ற அமைப்பு சின்னதா இருந்தாலும் நம்பி போங்க. பதிலே சொல்லாம கட்டடத்தையும் போட்டோவையும் காட்டுற இடம் எவ்வளவு பெருசா இருந்தாலும் யோசிங்க.

இன்னொண்ணும் மனசுல வெச்சுக்கோங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ, 2024ல வெளியிட்ட அறிக்கைப்படி 2023ல உலகம் முழுக்க 15லேர்ந்து 24 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 20.4 சதவீதம் பேர் படிப்புலயும் இல்ல, வேலையிலயும் இல்ல, பயிற்சியிலயும் இல்ல. அஞ்சுல ஒருத்தர். அவங்கள்ல மூணுல ரெண்டு பேர் பொண்ணுங்க. அதனால வழி தெரியாம நிக்கறது உங்க குறைன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து நாலு விஷயம் எழுதிடுங்க. உங்க வயசு, அடுத்த பிறந்தநாள் தேதியோட, ஏன்னா நிறைய இடத்துல வயசு வரம்புதான் கதவை மூடும். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உண்மையாவே ஒதுக்க முடியும். எத்தனை மாசம் சம்பளம் இல்லாம தாக்குபிடிக்க முடியும், இது கூச்சப்படற விஷயம் இல்ல, இதுதான் முக்கியமான கணக்கு. கடைசியா, உங்களுக்கு இப்ப வேணும்கறது கைத்தொழிலா, வேலை அனுபவமா, ஆளுங்க கூட பேசி பழகற தைரியமா, இல்ல சொந்தமா தொழில் தொடங்க கைதூக்கி விடறதா. கடைசியா சொன்ன இந்த நாலு தேவையையும் ஒரே அமைப்பு குடுக்காது, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி அமைப்பு இருக்கு, தப்பான கதவை தட்டிட்டு திறக்கலன்னு வருத்தப்படறவங்கதான் அதிகம்.

கைத்தொழில்லேர்ந்து ஆரம்பிப்போம். இதுல ரொம்ப நம்பகமான வழி அப்ரெண்டிஸ்ஷிப்தான், வேலை செஞ்சுகிட்டே கத்துக்கறது, கூடவே காசும் வரும். ஜெர்மனில ட்யூயல் சிஸ்டம்னு சொல்வாங்க, வாரத்துல கொஞ்ச நாள் தொழிற்பள்ளி மிச்ச நாள் கம்பெனி, எழுத்துல ஒப்பந்தம், மாசாமாசம் சம்பளம், பெரும்பாலும் மூணு மூணரை வருஷம் வரைக்கும் ஓடும். உங்க நாட்டுல அப்ரெண்டிஸ்ஷிப் எந்த துறைக்கு கீழ வருதுன்னு தேடினா, அனேகமா தொழிலாளர் துறையோ திறன் மேம்பாட்டு துறையோ இருக்கும், அவங்க வெப்சைட்லயே பதிவு பண்ற வழி இருக்கான்னு பாருங்க. ஐ.எல்.ஓ 2023ல தரமான அப்ரெண்டிஸ்ஷிப் எப்படி இருக்கணும்னு 208ம் எண் பரிந்துரை ஒண்ணு கொண்டுவந்துச்சு. சம்பளமோ வேற ஏதாவது நியாயமான பணமோ வேணும், வேலை நேரத்துக்கு வரம்பு வேணும், கத்துக்குடுக்கற தகுதியான ஆள் இருக்கணும், எல்லாம் எழுத்துல ஒப்பந்தமா இருக்கணும்னு அதுல இருக்கு. இது எல்லா நாட்டுலயும் சட்டம் இல்ல, ஆனா உங்க கையில ஒரு அளவுகோல். ஒரு முதலாளி "எழுத்துல எல்லாம் எதுக்குப்பா, நம்ம பையன் மாதிரி பாத்துக்கறேன்"னு சொன்னா அன்பா சிரிச்சுகிட்டே, சரிங்கண்ணே, அதையே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடுத்துடுங்கன்னு கேளுங்க. நல்லவர் குடுத்துடுவார்.

கைத்தொழில் பக்கம் போறவங்களுக்கு இன்னொரு இடம், வேர்ல்ட்ஸ்கில்ஸ். 1950ல ஸ்பெயின்ல சின்னதா ஆரம்பிச்ச போட்டி, இப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது, 2024ல ஃப்ரான்ஸ்ல லியோன் நகரத்துல நடந்துச்சு. வெல்டிங், செங்கல் கட்டுமானம், சமையல், முடி அலங்காரம், வெப் டெக்னாலஜின்னு பல தொழில் இருக்கு. பெரும்பாலான பிரிவுல போட்டி நடக்கற வருஷம் 22 வயசை தாண்டியிருக்கக்கூடாது, சில பிரிவுல 25 வரைக்கும் விடுவாங்க. போட்டியில கலந்துக்கணும்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு தொழில்லயும் உலகத் தரம்னா என்னன்னு அவங்க எழுதி வெச்சிருக்கற விவரத்தையும், பழைய போட்டியில குடுத்த வேலைகளையும் பொதுவுல வெச்சிருக்காங்க, அதை எடுத்து உங்க இன்ஸ்டிட்யூட் பாடத்துக்கு பக்கத்துல வெச்சு பாருங்க. எதெல்லாம் உங்களுக்கு சொல்லியே குடுக்கலன்னு அரைமணி நேரத்துல புரிஞ்சுடும், அந்த இடைவெளியைத்தான் நீங்க வேற எங்கயாவது போய் நிரப்பணும்.

கம்ப்யூட்டர் பக்கம்னா இலவசமா கிடைக்கறது ஏராளம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி 1997லேர்ந்து நடக்குது, ஐபிஎம் ஸ்கில்ஸ்பில்ட் இருக்கு, ரெண்டுலயும் வீட்ல இருந்தே படிக்கற இலவச கோர்ஸ் இருக்கு, முடிச்சா டிஜிட்டல் பேட்ஜ் தருவாங்க. ஆனா கோர்ஸ் முடிச்ச பேட்ஜ் வேற, தொழில்முறை சர்ட்டிஃபிகேஷன் எக்ஸாம் வேற, எக்ஸாமுக்கு தனியா ஃபீஸ் கட்டணும், ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ரெஸ்யூமேல போட்டா இன்டர்வியூல மாட்டிக்குவீங்க.

அனுபவம் வேணும்னா, அதுவும் ஸ்டைபெண்டோட, அதாவது உதவித்தொகையோட வேணும்னா, ஓப்பன் சோர்ஸ் பக்கம், அதாவது யார் வேணும்னாலும் கோடை பாத்து மாத்தற மாதிரி பொதுவுல வெச்சிருக்கற சாஃப்ட்வேர் பக்கம், ரெண்டு திட்டம் இருக்கு, இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுல உள்ள போற வழி மத்த இடத்துல இருந்து ரொம்ப வித்தியாசம், அது தெரியாமலே நல்ல பசங்க வெளிய நின்னுடறாங்க. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005ல ஆரம்பிச்சது, முன்ன காலேஜ் ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2022லேர்ந்து 18 வயசு ஆன, ஓப்பன் சோர்ஸுக்கு புதுசா வர்ற யாரும் வரலாம்னு மாத்திட்டாங்க. இன்னொண்ணு அவுட்ரீச்சி, மூணு மாசம், முழுக்க ரிமோட், வருஷத்துக்கு ரெண்டு பேட்ச், டெக் துறையில பாகுபாட்டால ஒதுக்கப்பட்டவங்களுக்குன்னே நடத்தறது. இதுல கோடிங் மட்டும் இல்ல, டாக்குமெண்டேஷன் எழுதறது, டிசைன், யூசர் ரிசர்ச் மாதிரி ப்ராஜெக்டும் வரும்.

ரெண்டுலயும் அப்ளிகேஷன் ஃபார்மை அழகா நிரப்பினா மட்டும் இடம் கிடைச்சுடாது. எந்த ப்ராஜெக்ட் உங்களுக்கு புடிக்குதோ அதோட சாட் சேனல்ல முன்கூட்டியே போய் சேரணும், அங்க புதுசா வர்றவங்களுக்குன்னு குறிச்சு வெச்சிருக்கற சின்ன வேலையை எடுத்து முடிச்சு குடுக்கணும், மெண்டர், அதாவது கூட இருந்து வழிகாட்டற அனுபவசாலி, திருத்தம் சொன்னா பொறுமையா திருத்தி மறுபடி அனுப்பணும். அவுட்ரீச்சில இதுக்குன்னே தனி கட்டம் வெச்சிருக்காங்க, முதல் அப்ளிகேஷன் ஒத்துக்கிட்டப்புறம் சில வாரம் ப்ராஜெக்ட்டுக்கு வேலை செஞ்சு காட்டணும், அந்த வேலையையும் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்க. கூகுள் திட்டத்துல அந்த வருஷம் ஆள் எடுக்கற அமைப்புகள் பட்டியல் வந்ததுக்கும், ப்ரொபோசல், அதாவது என்ன வேலை எப்படி செய்யப்போறேன்னு எழுதி குடுக்கறதோட டெட்லைனுக்கும் நடுவுல இருக்கற நாள்லதான் எல்லாம் முடிவாகும், கடைசி வாரம் வந்து ப்ரொபோசல் எழுதறவரை மெண்டருக்கு யாருன்னே தெரியாது. இங்கிலீஷ் தடுமாறுதேன்னு பயப்படாதீங்க, "இதை முயற்சி பண்ணேன், இந்த எரர் வந்துச்சு, இதையும் பாத்தேன், அடுத்து என்ன பண்ணலாம்"னு உடைஞ்ச இங்கிலீஷ்ல கேட்டாலும் மரியாதை கிடைக்கும், ஏன்னா நீங்க முயற்சி பண்ணது அதுல தெரியுது. ஒருவேளை செலக்ட் ஆகலன்னாலும் நீங்க செஞ்ச வேலை உங்க பேரோட பொதுவுல நிக்கும், அடுத்த இன்டர்வியூல லிங்க் குடுக்கலாம். மறுநாள் என்ன நடக்கும்கற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் குடுக்கற திட்டத்தை நான் அதிகம் பாக்கல.

கோடிங் வராதவங்களுக்கு யூஎன் வாலண்டியர்ஸ் ஒரு வழி. ஐ.நா. 1970ல உருவாக்கினது, 18 வயசு ஆனா ஆன்லைன் வாலண்டியரா பதிவு பண்ணலாம், மொழிபெயர்ப்பு, எழுத்து, டிசைன், டேட்டா மாதிரி வேலை வரும். ஆன்லைன் வாலண்டியருக்கு காசு கிடையாது, அதை முன்னாடியே தெரிஞ்சுகிட்டு போங்க. தமிழும் இன்னொரு மொழியும் நல்லா வந்தா மொழிபெயர்ப்பு வேலை வருதான்னு அப்பப்ப பாத்துகிட்டே இருங்க.

ஆளுமை, தைரியம், தலைமைன்னு சொல்றாங்களே, அது பக்கம் வருவோம். நாலு பேர் முன்னாடி எழுந்து பேசவே நடுங்கற புள்ளைக்கு இதுதான் முதல்ல வேணும், இதை சாதாரணமா நினைக்காதீங்க. சாரணர் இயக்கம் 1907லேர்ந்து இருக்கு. ரோட்டரி நடத்தற இன்டராக்ட் க்ளப் 12லேர்ந்து 18 வயசுக்கு, ரோட்டராக்ட் 18க்கு மேல, முன்னாடி 30 வயசோட வெளிய போகணும்னு இருந்த வரம்பை 2020ல எடுத்துட்டாங்க. அயெஸெக் 1948ல ஆரம்பிச்சது, முழுக்க இளைஞர்களே நடத்தறது, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவாங்க, ஆனா அதுக்கு கட்டணம் இருக்கும், விமான டிக்கெட், விசா, தங்கற செலவுல எது யார் தலையில விழும்னு முழு கணக்கையும் கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

இந்த வரிசையில எனக்கு ரொம்ப புடிச்சது ட்யூக் ஆஃப் எடின்பரோ இன்டர்நேஷனல் அவார்ட். 1956ல பிரிட்டன்ல ஆரம்பிச்சு இப்ப 100க்கும் மேல நாடுகள்ல நடக்குது, சில நாட்டுல வேற பேர்ல இருக்கும். வயசு 14லேர்ந்து 24. யாரோடயும் போட்டி கிடையாது, உங்க இலக்கை நீங்களே வைக்கணும், தொண்டு, ஒரு திறமை, உடற்பயிற்சி, ஒரு சாகசப் பயணம்னு நாலு பிரிவு, வெண்கலம், வெள்ளி, தங்கம்னு மூணு நிலை, தங்கம் நிலைக்கு மட்டும் கூடுதலா, தெரியாதவங்களோட தங்கி ஒரு வேலை செய்யணும். வெண்கலத்துக்கு குறைஞ்சது 6 மாசம், வெள்ளிக்கு 12, தங்கத்துக்கு 18, ஆனா முந்தின நிலையை முடிச்சிருந்தா வெள்ளி 6 மாசம், தங்கம் 12 மாசம்னு குறையும். 25வது பிறந்தநாளுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிருக்கணும். நேரடியா தங்கம் போறவர் 23 வயசு தாண்டி ரெண்டு மூணு மாசத்துக்குள்ளயாவது பதிவு பண்ணிடணும், 23 முடிஞ்சு ஏழு மாசம் ஆனவருக்கு 18 மாசமே மிச்சம் இருக்காது. பேப்பர்ல பிறந்தநாள் எழுதச் சொன்னது இதுக்குத்தான்.

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கறவங்க பயிற்சி மட்டும் குடுக்கற இடத்தை தேடாதீங்க, பயிற்சி, கொஞ்சம் முதல், கூடவே ஒரு மெண்டர் மூணும் ஒண்ணா குடுக்கற இடத்தை தேடுங்க. பிரிட்டன்ல 1976ல ஆரம்பிச்ச ப்ரின்ஸஸ் ட்ரஸ்ட், இப்ப கிங்ஸ் ட்ரஸ்ட்னு பேர் மாறிடுச்சு, இந்த வழியை ரொம்ப காலமா செஞ்சுகிட்டு வருது. யூத் பிசினஸ் இன்டர்நேஷனல்ங்கற நெட்வொர்க்ல பல நாட்டு அமைப்புங்க இதே மாதிரி வேலை பண்றாங்க, அவங்க உறுப்பினர் பட்டியல்ல உங்க நாடு இருக்கான்னு பாருங்க. மூணுல எது முக்கியம்னு கேட்டா நான் மெண்டர்னுதான் சொல்வேன், பணம் வேற வழியிலயும் புரட்டலாம், முதல் வருஷம் நஷ்டம் வரும்போது ராத்திரி ஃபோன் எடுக்கற அனுபவசாலி ஒருத்தரை காசு குடுத்து வாங்க முடியாது.

பள்ளிப்படிப்பு பாதில நின்னவங்களுக்கு ஒரு தனி வார்த்தை. யூத்பில்ட்னு ஒரு இயக்கம் 1978ல நியூயார்க் ஈஸ்ட் ஹார்லெம்ல ஆரம்பிச்சது, பாழடைஞ்ச கட்டடத்தை அந்த ஏரியா பசங்களே சேர்ந்து சரிபண்ணி வீடாக்கினாங்க, அதுலேர்ந்து வளந்து, பசங்க விட்ட படிப்பையும் முடிப்பாங்க, கட்டட வேலையும் கத்துப்பாங்க, வீடு இல்லாதவங்களுக்கு வீடும் கிடைக்கும்ங்கற அமைப்பா ஆச்சு. உங்க பக்கத்துல அதே பேர்ல இல்லாட்டியும் இந்த மாதிரி "விட்ட படிப்பு ப்ளஸ் தொழில்" திட்டம் இருக்கான்னு குறிப்பா கேளுங்க, ஏன்னா தொழில் மட்டும் கத்துகிட்டு அடிப்படை சர்ட்டிஃபிகேட் இல்லாம போனா சில வருஷம் கழிச்சு ப்ரமோஷன்ல அடிவாங்கறாங்க.

இப்ப ஒரு அமைப்பு கண்ணுல பட்டுடுச்சு. நல்லதா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முழுசா முடிச்சாங்க, முடிச்சவங்கள்ல ஆறு மாசம் கழிச்சும் வேலையில இருக்கறது எத்தனை பேர், இந்த மூணையும் சேத்து கேளுங்க. "90 சதவீதம் ப்ளேஸ்மெண்ட்"னு மட்டும் சொன்னா எதுல 90னு கேளுங்க, சேர்ந்தவங்கள்லயா முடிச்சவங்கள்லயா, முடிச்சவங்கள்லன்னா பாதியில ஓடிப்போனவங்க கணக்குலயே வர மாட்டாங்க. ஜெனரேஷன்னு ஒரு அமைப்பு பல நாட்டுல இருக்கு, முதல்ல கம்பெனிங்க கிட்ட என்ன ஆளு வேணும்னு கேட்டு அதுக்கப்புறம் பயிற்சி நடத்தி, முடிச்சவங்க வேலை, சம்பளம்லாம் எப்படி போகுதுன்னு வருஷக்கணக்குல தொடர்ந்து பாக்கறாங்க. அந்த அளவுக்கு சின்ன அமைப்பால முடியாது, ஆனா போன பேட்ச்ல படிச்ச ரெண்டு பேர் நம்பர், அவங்க சம்மதத்தோட, வாங்கி குடுக்க எந்த அமைப்பாலயும் முடியும். அந்த ரெண்டு பேர் கிட்ட பேசற பத்து நிமிஷம் எல்லா ப்ரோஷரையும் விட மேல்.

இந்த அமைப்புக்கு காசு எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க, அரசா, கம்பெனியா, அறக்கட்டளையா, உங்க ஃபீஸா. எதுவும் தப்பில்ல, ஆனா உங்க ஃபீஸ்ல மட்டும் ஓடற இடம்னா ஆள் சேக்கறதுல இருக்கற அவசரம் வேலை வாங்கி குடுக்கறதுல இருக்குமான்னு நல்லா பாத்துக்கோங்க. வேலை வாங்கி தர்றோம் டெபாசிட் கட்டுன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. வேலை தேடறவங்க கிட்ட ஏஜென்சி ஃபீஸ் வாங்கக்கூடாதுங்கறது ஐ.எல்.ஓ 1997ல கொண்டுவந்த 181ம் எண் ஒப்பந்தத்தோட பொது விதி, எல்லா நாடும் அதை ஏத்துக்கல, விதிவிலக்கும் உண்டு, ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம்னு அதுல தெளிவா இருக்கு. ஐ.நா. அமைப்புகள் ஆள் எடுக்கற எந்த கட்டத்துலயும் ஒரு பைசா வாங்க மாட்டாங்க, அவங்க பேர்ல பணம் கேட்டு மெயில் வந்தா அது மோசடிதான். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையோ பாஸ்போர்ட்டையோ யார் கிட்டயும் விட்டுட்டு வராதீங்க, காட்டுங்க, காப்பி குடுங்க, ஒரிஜினல் உங்க கையோட வரணும்.

பொண்ணுங்க, கைக்குழந்தை இருக்கறவங்க, மாற்றுத்திறனாளிங்க, வீட்டு பொறுப்பு தலையில இருக்கறவங்க சில கேள்வி கூடுதலா கேட்டே ஆகணும்: வந்து போற செலவுக்கு ஏதாவது தருவீங்களா, க்ளாஸ் எத்தனை மணிக்கு முடியும், குழந்தையை விட இடம் இருக்கா, சரிவுப்பாதை லிஃப்ட் இருக்கா, சைகை மொழி தெரிஞ்சவங்க இருக்காங்களா. கேட்டா சீட் போயிடுமோன்னு நிறைய பேர் வாயே திறக்கறதில்ல, அப்புறம் மூணாவது வாரம் வர முடியாம நின்னுடறாங்க. கேளுங்க. நீங்க கேட்டதுனாலயே அடுத்த பேட்ச்ல அந்த வசதி வரலாம்.

அப்ளிகேஷன் எழுதும்போது "நான் கடின உழைப்பாளி, கத்துக்கற ஆர்வம் உண்டு"ங்கற வரியை எடுத்துடுங்க, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க, படிக்கறவங்க கண்ணு அதை தாண்டி போயிடும். அதுக்கு பதிலா நீங்க செஞ்ச ஒரு காரியம் எழுதுங்க, தம்பி தங்கச்சிக்கு பாடம் சொல்லிக்குடுத்தது, மாமா கடையில கணக்கு பாத்தது, உடைஞ்ச ஃபோனை யூட்யூப் பாத்து சரிபண்ணது, எதுவானாலும் என்ன பிரச்சனை, நீங்க என்ன செஞ்சீங்க, என்ன ஆச்சுன்னு நாலு வரில. ரெஃபரன்ஸுக்கு உங்களை உண்மையா தெரிஞ்ச ஒரு டீச்சரோ வேலை குடுத்தவரோ போதும், பெரிய பதவில இருக்கற தெரியாத ஆளு வேண்டாம், அவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுடுங்க. டெட்லைனுக்கு ஒரு நாள் முன்னாடியே அனுப்புங்க, கடைசி நாள் வெப்சைட் தொங்கும்.

சேர்ந்தப்புறம் ஒரு நோட்டு வெச்சு வாராவாரம் எழுதுங்க, என்ன கத்துகிட்டேன், என்ன செஞ்சேன், எங்க தடுமாறினேன். மாசத்துக்கு ஒரு தடவை ட்ரெயினர் கிட்ட "நான் எதை மாத்திக்கணும்"னு நேராவே கேளுங்க. முடியற கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்காம பாதியிலயே ப்ளேஸ்மெண்ட் பாக்கறவங்க யாருன்னு தெரிஞ்சு பேச ஆரம்பிச்சுடுங்க, பழைய பேட்ச் க்ரூப் இருந்தா அதுல சேர்ந்துடுங்க, காலியிடம் பத்தின தகவல் விளம்பரத்தை விட அங்கதான் முதல்ல வரும்.

முதல் மெசேஜ் எப்படி அனுப்பறதுன்னு தெரியாம தயங்கறவங்களுக்கு, இதை எடுத்து உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க:

"வணக்கம். எனக்கு வயது 19, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். உங்கள் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர விரும்புகிறேன். அடுத்த பேட்ச் எப்போது தொடங்குகிறது, கட்டணம் அல்லது உதவித்தொகை உண்டா, பயிற்சி முடிந்தபின் வேலைக்கு எந்த மாதிரி உதவி செய்வீர்கள் என்று தெரிவிக்க முடியுமா? முன்பு படித்த ஒருவரிடம் பேச வாய்ப்பு கிடைத்தால் மிகவும் உதவியாக இருக்கும். நன்றி."

ஒரு வாரம் பதில் வரலன்னா அதே மெசேஜுக்கு கீழயே ஒரு வரி நினைவூட்டல் போடுங்க, அதுக்கும் வரலன்னா ஃபோன் பண்ணுங்க, காலையில ஆஃபீஸ் திறந்து ஒரு மணிநேரம் கழிச்சு கூப்பிட்டா பெரும்பாலும் எடுப்பாங்க, பேசினவங்க பேரை அந்த பேப்பர்லயே எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த தடவை கூப்பிடும்போது அவங்க பேரை சொல்லி கேக்கலாம்.